அந்த இடத்தில் விறகு இறங்காது

கண்ணு,

கண்ணாடித் துண்டுகளைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறாய். இரும்புச் சட்டத்தை எடைக்குப் போடச் சொல்லியிருக்கிறாய். காங்கயம் ரோட்டு இடத்தைச் செல்வராசு அண்ணாச்சிக்கு விறகு அடுக்கக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். பெங்களூரில் பேட்டரிக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும், இனிமேல் அந்த வெயிலும் வேண்டாம் அந்தக் கல்லும் வேண்டாம் என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாய்.  இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் சத்தம் போடுவேன், நீ “அப்புறம் பேசறேம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நான் பேசப் பேச நடுவில் துண்டிக்க முடியாத ஒரே வழி இதுதான்.

இதை உனக்கு மட்டும் தபாலில் போட்டிருக்கலாம். போடவில்லை. எங்கள் பனியன் வேஸ்ட் துணி வியாபாரிகள் மாதாமாதம் போடுகிற இதழுக்குக் கொடுத்திருக்கிறேன், நீ வேலையில் சேருவதற்குள் அது வந்துவிடும். அதில் யாருக்குக் கல்யாணம், எந்தக் குடோனில் தீப்பிடித்தது என்பதைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. போடுகிறவர் ஒருமுறைக்கு இருமுறை, “யக்கா, வீட்டு விசயமுங்க, நல்லா யோசிச்சுக்குங்க” என்றார். யோசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். உன்னைப் பார்த்து நாலு சுவருக்குள் யாரும் சிரிக்கவில்லை. பந்தல் போட்டு, மோர் கொடுத்து, சேர் போட்டு உட்காரவைத்தபோது எல்லார் முன்னாலும் சிரித்தார்கள். அதற்குப் பதில் மட்டும் நான் ஏன் ரகசியமாகச் சொல்ல வேண்டும்? செல்வராசு அண்ணாச்சியும் படிப்பார். படிக்கட்டும்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு திருப்பூர் வந்தவள் நான். பனியன் கம்பெனியில் கட்டிங் மேசைக்குக் கீழே விழுகிற துண்டுகளைக் கூட்டி அள்ளும் வேலையில் சேர்ந்தேன். கைக்கும் கழுத்துக்கும் வெட்டிய பிறகு மிஞ்சுகிற துணி அது. வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம், கறுப்பு கடைசி. வெள்ளைக்குத்தான் எப்போதும் விலை. வெள்ளை மறுபடி பஞ்சாகி நூலாகும். கறுப்பு, லாரி ஷெட்டில் கிரீஸ் துடைக்கப் போகும். அள்ளினவள் பிரிக்கக் கற்றாள், பிரித்தவள் மூட்டை கட்டினாள், மூட்டை கட்டினவள் ஒருநாள் தானே விலை சொன்னாள். குடோன் வாசலில் நின்ற ஆண்கள், பொம்பளைக்கு எதுக்கு இந்த யாவாரம் என்று என் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள். நான் அடுத்த லோடை ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பாதித் தூக்கத்தில் எழுப்பி ஒரு துண்டைக் காட்டினால், சுத்த வெள்ளையா, சலவை போன வெள்ளையா, நீலம் ஏறிய வெள்ளையா என்று சொல்லிவிடுவேன். இந்தக் கண்தான் அன்றைக்கு நம்மைக் கவிழ்த்தது. அதற்கு வருகிறேன்.

நீ ஆராய்ச்சிப் படிப்பு முடித்துவிட்டு வந்த புதிதில், இத்தனை வருசம் என்னதான் படித்தாய் என்று குடோனில் வைத்துக் கேட்டேன். தண்ணீரிலிருந்து எரிகிற கேஸ் எடுக்கிற வித்தை என்றாய். தண்ணீர் அடுப்பை அணைக்குமே ஒழிய எரிக்குமா என்று நான் சிரித்தேன். உனக்குக் கோபம் வரவில்லை. எடைமேசை பக்கத்தில் எண்ணெய் துடைத்துப் போட்டிருந்த வேஸ்ட் துணி ஒன்றைக் கையில் எடுத்தாய்.

“இதப் பாரும்மா. இந்தத் துணிதான் என்னோட பொடின்னு வெச்சுக்க. இதுக்குள்ள இருக்கிற எண்ணெய்தான் ஆக்சிஜன். புழிஞ்சா வெளிய வந்துரும். புழிஞ்ச துணிய மறுபடி எண்ணெய்ல வெச்சா உறிஞ்சிக்கும். நான் கையில புழியறதில்ல, வெயில்ல புழியறேன். நல்லாப் புழிஞ்சு வெறியோட நிக்கிற பொடி மேல நீராவிய விட்டா, அது தண்ணிக்குள்ள இருக்கிற ஆக்சிஜன மட்டும் உறிஞ்சிக்கும். மிச்சம் நிக்கிறது ஹைட்ரஜன். அதான் எரியற கேஸ்.”

பொடி என்ன ஆகும் என்று கேட்டேன். அப்படியே இருக்கும், மறுபடி புழியலாம், மறுபடி ஊறவைக்கலாம் என்றாய். எரித்த கேஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். திரும்பத் தண்ணீராகும் என்றாய். கண்ணு, அந்த நிமிடம் வரை அது உன் படிப்பு. அதற்குப் பிறகு அது என் வியாபாரமும்தான். தூக்கிப் போட்டதை மறுபடி மறுபடி வேலைக்குக் கொண்டுவருவதில் வாழ்ந்தவள் நான். தீராத ஒரு சரக்கு இருக்கிறது, அதற்குக் கூலி வாங்காமல் வேலை செய்கிற ஒரு சூரியனும் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் என் காது நிமிராதா?

அந்தப் பொடிக்கு சீரியம் ஆக்சைடு என்று பெயர் சொன்னாய். உலோகத்தின் துரு மாதிரி ஒன்று, சுட்டுக் கல்லாக்கினால் நுரைக்கல் போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைப் புழிய, கிட்டத்தட்ட இரும்பு உருகுகிற சூடு வேண்டும் என்றாய். அந்தச் சூட்டை விறகில்லாமல், கரண்டில்லாமல், கண்ணாடியால் மட்டும் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு கிண்ணம் அடித்து வாங்கினோம். எந்தக் கோயில் அன்னதானத்துக்குங்க இந்த அண்டா என்று அங்கே கேட்டார்கள். நம் வீட்டில் சூரியன் சாப்பிட வருகிறார் என்று உங்கப்பா சொன்னார். நிட்டிங் மிஷின் சத்தத்திலேயே பாதி வயசைக் கழித்த மனிதர். வருசத்துக்கு ஒரு தடவைதான் இப்படி ஏதாவது சொல்வார். கிண்ணத்துக்குள் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, காங்கயம் ரோட்டு இடத்தில் சட்டம் நிறுத்தி, முதல்முதலாக வெயிலுக்குத் திருப்பியபோது வெளிச்சம் போய் விழுந்த இடம் உங்கப்பாவின் பிளாஸ்டிக் சேர். கண்ணெதிரே கால் மடங்கி உருகிப் படுத்துவிட்டது. நல்லவேளை டீ வாங்க எழுந்து போயிருந்தார். திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டு, சூடு பத்தும் போல என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் அது வேலை செய்தது. இதை நான் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். சிரித்தவர்கள் யாரும் அன்றைக்கு இல்லை. நீ, நான், உங்கப்பா மட்டும். நடுப்பகலில், குழாயின் நுனியில் கேஸ் எரிகிறது என்று நீ சொன்னாய், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாதாம். நம்பாமல் நின்றேன். உங்கப்பா மடியிலிருந்து ஒரு வெள்ளை வேஸ்ட் துண்டை எடுத்துக் குச்சியில் சுற்றி, ஒன்றுமில்லாத அந்த இடத்தில் நீட்டினார். பற்றிக்கொண்டது. தண்ணீரிலிருந்து வந்த தீ, நான் விற்கிற துணியில் எரிந்தது. அதைப் பார்த்தவளிடம் போய் இதெல்லாம் ஆகாத காரியம் என்று யார் சொன்னாலும், நீயே சொன்னாலும், காதில் ஏறாது.

அதற்குப் பிறகுதான் நான் அவசரப்பட்டேன். செல்வராசு அண்ணாச்சி சாயப்பட்டறை வைத்திருக்கிறார். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன், யார் மூத்தவர் என்பது இதுவரை முடிவாகவில்லை. அவருடைய பாய்லர் விறகு தின்கிற பாடு ஊருக்கே தெரியும். துணிக்குச் சாயம் ஏற்ற நீராவி, அந்தச் சாயத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்துச் சுத்தம் செய்ய மறுபடி நீராவி. இரண்டுக்கும் மரம். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர்கள் இப்போது துணியை மட்டும் பார்ப்பதில்லை, என்ன எரித்து நெய்தீர்கள், என்ன எரித்துச் சாயம் போட்டீர்கள் என்றும் கேட்கிறார்கள். அதனால் அவரே வந்து, பாப்பா அந்தக் கேஸைக் கண்ணுல காட்டட்டுங்க, பெரிய செட்டு போட நானும் நாலு பேரும் சேர்ந்துக்கிறோம் என்றார். நான் உடனே தேதி கொடுத்துவிட்டேன்.

நீ வேண்டாம் என்றாய். கல் இருக்கிற கூட்டின் கண்ணாடிச் சன்னலுக்கு அடியில், வெளிக்காற்றை அடைக்கிற சீல் பழசாகிவிட்டது, அந்தச் சூட்டைத் தாங்குகிற புது சீலுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வரட்டும் என்றாய். நான் கேட்கவில்லை. இந்த ஊரில் வளர்ந்த புத்தி அது. ஷிப்மென்ட் தேதி என்றால் தேதிதான். தையல் மிஷின் நின்றாலும், லைட் போனாலும், ஆள் வராவிட்டாலும், பெட்டி கப்பலேற வேண்டும். ஏற்றிவிட்டு மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம். டேட்ட மாத்துனா நம்ம பேரு போயிரும் என்று உன் வாயை அடைத்தேன். கல்லுக்கும் நீராவிக்கும் ஷிப்மென்ட் தேதி தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. இதை இதற்கு மேல் இழுத்துப் புலம்ப மாட்டேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. இதை ஊரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதினேன்.

அன்றைக்கு நல்ல வெயில். பந்தலுக்குக் கீழே பட்டறைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, வெல்டிங் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நீ கிண்ணத்தைத் திருப்பினாய். கல் பார்க்க முடியாத வெளிச்சமாக எரிந்தது. உள்ளே காற்று இல்லை, நைட்ரஜன் மட்டும் ஓடுகிறது என்று விளக்கினாய். பிறகு கிண்ணத்துக் கண்ணாடிகளை மூடி, கல் கொஞ்சம் சூடு தணிந்ததும் கிட்ட வந்து சன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னாய். வெள்ளையாக உள்ளே போன கல் கருநீலமாக இருந்தது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஸ்டென்டரில் துணி நின்றுபோன மாதிரி ஆகிவிட்டதே என்றார் ஒருவர். துணி காயவைக்கிற அந்த மிஷினில் துணி ஓடாமல் நின்றால் கருகும் என்று அவருக்குத் தெரியும், வேறு எதுவும் தெரியாது.

“கருகிப் போச்சுங்களே பாப்பா” என்றார் செல்வராசு அண்ணாச்சி.

“இல்லீங்ணா, இதுதான் சரி. ஆக்சிஜன் வெளிய போனாத்தான் கறுக்கும்” என்றாய். இனி நீராவி விடுவேன், அதைக் குடித்துத்தான் கல் வெளுக்க வேண்டும், அப்போது கேஸ் வரும், மீட்டர் ஏறும் என்று சொல்லிவிட்டு வால்வு பக்கம் போனாய். நாங்கள் எல்லாரும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓரத்தில் லேசாக வெளுத்தது. பிறகு நடுவில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. சுத்த வெள்ளை. என் ஆயுசெல்லாம் எந்த நிறத்தைத் தேடித் தேடி ஒரு பக்கமாகப் போட்டேனோ, அந்த வெள்ளை. நான் கைதட்டினேன். முதலில் தட்டியது நான்தான். பக்கத்தில் நின்ற உங்கப்பா தட்டவில்லை. எனக்குப் பின்னால் பந்தலே தட்டியது. வெளுத்துருச்சு, கல்லு பாஸாயிருச்சு என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி, அப்பச் சரிங்க, உக்காந்து பேசலாம் என்று சேரை இழுத்தார்.

நான் அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். வால்வில் வைத்த கை அப்படியே இருந்தது. நீ இன்னும் அதைத் திறக்கவே இல்லை. மீட்டர் முள் அசையவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே பெரிய செட்டுக்குப் பேசி முடித்துக் கை நனைத்திருப்பார்கள். அங்கே நின்ற ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. பெற்ற எனக்கே தெரியவில்லை.

“யாரும் கை தட்டாதீங்க. நான் இன்னும் நீராவியே விடலீங்க. சீல் விட்டுருச்சு, வெளிக்காத்து உள்ள பூந்துருச்சு. காத்துல இருக்கிற ஆக்சிஜனக் குடிச்சுத்தான் இது வெளுத்திருக்கு. கேஸ் வரலீங்க.”

 அப்புறம் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க்கா, கறுத்தா நல்லதுங்களாம், வெளுத்தா கெட்டதுங்களாம். இந்தச் சாயத்த நம்மூர்ல எவன் வாங்குவான்?” அப்போது கிளம்பிய சிரிப்பு, மோர் டம்ளரை வைத்துவிட்டுக் காரில் ஏறும் வரை ஓயவில்லை. அடுத்த வாரமே ஊரில் யாராவது எதையாவது கெடுத்துவிட்டால், கல்லு வெளுத்துருச்சுப்பா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் குடோனில் லோடு ஏற்றுகிற ஆளே சொன்னான். வேலைக்கு வைத்திருக்கிறேன், சிரிப்பதற்குமா தடை போட முடியும்? நீ அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பெட்டியைக் கட்டி, பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது கேள். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு லோடு வெள்ளை வேஸ்ட்டை ஏற்றிக்கொண்டு நூல் மில்லுக்குப் போனோம். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் லாரியிலேயே கூட்டிப் போனேன். மில் கேட்டில் ஒரு மூட்டையின் தையல் லேசாகப் பிரிந்திருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், கலர் துண்டு வந்தது. மூட்டை கட்டினவர்கள் எடைக்காக நடுவில் கலரைத் திணித்து, மேலே வெள்ளையைப் போர்த்தியிருக்கிறார்கள். மில்லில் மேலாகத்தான் பார்ப்பார்கள். இறக்கிவிட்டு வந்திருக்கலாம். நான் மேனேஜரிடம் போய், இந்த லோடில் கலர் கலந்திருக்கிறது, எத்தனை மூட்டை என்று தெரியாது, பிரித்துப் பார்த்துக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பிரித்தும் பார்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னதற்காக அவர் பிறகு கூப்பிட்டுப் பெரிய ஆர்டர் கொடுத்தார் என்று நீ எதிர்பார்க்கலாம். கொடுக்கவில்லை. கடைசி வரை அந்த மில் என்னிடம் ஒரு கிலோ வாங்கியதில்லை. ஆனால் அன்றையிலிருந்து என் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு விலை சொல்கிறவளிடம் அடித்துப் பேச யாராலும் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருசம் ஓடியிருக்கிறேன்.

நீ அன்றைக்கு வால்வில் கையை வைத்துக்கொண்டு செய்தது அதேதான். உன் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது, சொன்னாய். ஏமாற்றத் தெரியாதவளுக்கு இந்தத் தொழில் ஆகாது என்று நீ நினைத்துக்கொண்டு போயிருக்கிறாய். நான் நேர் எதிராக நினைக்கிறேன். எல்லாரும், பெற்றவள் உட்பட, நன்றாக இருக்கிறது என்று கைதட்டும்போது இல்லை என்று சொல்கிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும். பேட்டரிக் கம்பெனியில் உனக்கு நல்ல மரியாதை கிடைக்கும். ஆனால் தோற்றுப்போனவள் என்று நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காராதே. உனக்கு விட்டுப் போனது ஒரு சீல். அவ்வளவுதான் விட்டுப் போனது.

உனக்கு இனிக்க இனிக்கப் பேச நான் உட்காரவில்லை. வியாபாரியாகவே சொல்கிறேன். உன் கல் இன்றைக்குத் தருகிற கேஸில் ஒரு டீக்கூட வைக்க முடியாது. உலகத்தில் எங்கெங்கோ உன்னைவிடப் பெரிய கோபுரமும் கண்ணாடி வயலும் போட்டவர்கள்கூட இன்னும் கடைக்குச் சரக்கு கொண்டுவரவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். மேகம் போட்டால் வேலை நிற்கும். அவ்வளவு சூட்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கல் விரிசல் விடும். கேஸை அடைத்து வைப்பது இன்னொரு தலைவலி. அண்ணாச்சியின் பாய்லர் நான் இருக்கும்வரை விறகில்தான் ஓடும் என்று வைத்துக்கொள். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். லாபம் வரும் என்று தெரிந்த பிறகு இறங்குவதற்கு இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கட்டிங் மேசைக்குக் கீழே குப்பை கிடந்தபோது அதைக் குனிந்து அள்ளியவர்கள் கொஞ்சம் பேர். நம் வீடு அந்தக் கொஞ்சம் பேரில் ஒன்று. என் வயசு ஏறிக்கொண்டே போகிறது, மூட்டுவலி வந்துவிட்டது, இன்னும் எத்தனை நாள் குடோனில் நிற்பேன் என்று தெரியாது. மிச்ச நாளில், பாதுகாப்பான எதையாவது சேர்த்து வைத்துவிட்டுப் போனாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

அப்புறம் லாரி வந்த கதை. நீ அண்ணாச்சிக்கு நேராகவே போன் போட்டு இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. நானும் உங்கப்பாவும் கண்ணாடி துடைக்கப் போயிருந்தோம். ஆமாம், இன்னும் துடைக்கிறோம். நீ சொன்னபடி கிண்ணத்தைச் சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து, தார்ப்பாயை விலக்கி, துடைத்துவிட்டு மறுபடி மூடிவிடுகிறோம். வெளியே ஹாரன் சத்தம். விறகு லோடு. கட்டையெல்லாம் கேபினைத் தாண்டி நிற்கிறது. உங்கப்பா, புதுசாக வாங்கிய பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நகருங்கண்ணா, லோடு இறக்கணும் என்று டிரைவர் கெஞ்சினான். இவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெயில் விழுற எடம் தம்பி. மரத்த அடுக்குனா நெழலாயிரும்.”

டிரைவர் போன் போட்டு, அண்ணாச்சியே வந்துவிட்டார். கோபமில்லை, குழப்பம்தான்.

“ஏனுங்க்கா, பாப்பாவே எடுத்துக்கங்கன்னு சொல்லிருச்சுங்களே.”

“அவ சொன்னா அண்ணாச்சி. நான் சொல்லலையே. எடம் எம்பேர்ல இருக்கு.”

“சும்மா கெடக்கிற எடந்தானுங்க. ஒரு வருசத்துக்கு அடுக்கிக்கிறனே.”

“சும்மா கெடக்கல. அவளுக்காகக் கெடக்கு.”

“பாப்பா வரலீன்னா?”

“வரலைன்னா வெயில் அடிச்சிட்டுப் போகட்டும். வெறகு எறங்காது.”

அண்ணாச்சி டிரைவரைத் திரும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். லாரி ரிவர்ஸ் எடுக்கிற வரை நின்றவர், உள்ளே எட்டி, தார்ப்பாய் போர்த்திய கிண்ணத்தைப் பார்த்தார். அன்னைக்கு அந்தப் புள்ள வாய மூடிட்டு இருந்திருந்தா நான் ஏமாந்திருப்பேனுங்க என்றார், எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. கார்க் கதவைத் திறந்துகொண்டே, மறுபடி காட்டினால் சொல்லியனுப்புங்க, சிரிக்கிறதுக்காவது வர்றேன் என்றார். வாருங்கள், மோர் உண்டு என்றேன்.

இனிமேல் இதில் உனக்கு என்ன பங்கு என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போவதானால் போ. போய் ஒரு வருசம் இருந்துவிட்டு வா. அல்லது சனி ஞாயிறு வா. அல்லது வராமலே இரு. உன்னைக் கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். ஆனால் என் இடத்தை, என் சட்டத்தை, உங்கப்பா துடைக்கிற கண்ணாடியை எடைக்குப் போடச் சொல்லும் உரிமை உனக்கு இல்லை. வீட்டில் ஒருத்தி சோர்ந்துபோனால் கடையை மூடுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. இன்னொருத்தி சாவியை வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொண்டேன்.

நீ பஸ் ஏறிப் போன மறுநாள் அந்த சீல் வந்துவிட்டது. நீ ஆர்டர் போட்டிருந்தாயே, அதுதான். கூரியர்காரர் நல்லூரில் நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு சின்ன டப்பா, கண்ணு. உள்ளங்கையில் அடங்குகிறது. இதற்காகவா ஒரு பந்தலே சிரித்தது என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்கவில்லை. எனக்கு அதை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாது. பீரோவில் என் நல்ல சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. உங்கப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது, வெயில் வீணாப் போகுது என்று மட்டும் சொல்கிறார். 

மறுபடி காட்டுவது என்று நீ முடிவெடுத்தால், அதே ஆட்களைத்தான் கூப்பிடுவேன். ஒருவர் விடாமல். அதே பந்தல், அதே சேர், அதே மோர். ஆனால் இந்தத் தடவை தேதியை நான் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டெலிவரிக்குத் தேதி இல்லாமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன். நீ சொல்கிற அன்றைக்குத்தான் அது நடக்கும். கல் கறுக்கும்போது உச்சுக்கொட்டுகிறவர்களை வாயை மூடச் சொல்வேன். அது வெளுக்க ஆரம்பிக்கும்போது எல்லார் கண்ணும் கல் மேல் இருக்கும். நான் கல்லைப் பார்க்க மாட்டேன். உன் கை வால்வைத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ தலையாட்டும் வரை என் இரண்டு கையும் மடியிலேயே இருக்கும்.

அம்மா